ஏலக்காய் மென்றால் மறையுமா?



இம்மாதம் கொஞ்சம் சிரிக்கத்தக்க ஒரு காரியத்தை எடுத்துக்கொண்டிருக்கிறேன். வாலிபரின் குடிதான் அது. "குடியைப்பற்றிப் பேசும்போது போதகர் மேசையைத் தட்டிப் பேசுவார்; சிரிப்புக்கு அங்கே என்ன இடம்?" என்று நீங்கள் கேட்கலாம். இடம் உண்டு. மேசையைத் தட்டிப் பேசிய பிரசங்கங்களை நம் பிள்ளைகள் சிறுவயதுமுதல் கேட்டிருக்கிறார்கள். ஆனாலும் பட்டணத்து அறையிலே நான்கு நண்பர்கள் கூடி, முந்தின இரவு இன்னொருவன் செய்த கூத்தைச் சொல்லி வயிறு நோகச் சிரிக்கும்போது, அந்தச் சிரிப்பின் வழியாகத்தான் அநேகருக்கு முதல் கோப்பை கைக்கு வருகிறது. நம்முடைய திரைப்படங்களிலும் தள்ளாடுகிறவன் என்றாலே நகைச்சுவைக்காரன் என்று பல தலைமுறைகளாகப் பழகிவிட்டோம். ஆகவே அந்தச் சிரிப்பையே இன்று நிதானமாய் ஆராய்ந்துபார்ப்போம்.

வேதம் வரைந்த சித்திரம்

குடித்தவனைப் பார்த்து முதலில் சிரித்தது சினிமா அல்ல. நீதிமொழிகள் 23-ஆம் அதிகாரத்தின் கடைசிப் பகுதியை ஒருமுறை சத்தமாய் வாசித்துப்பாருங்கள். ஞானி அங்கே ஒரு விடுகதையைப்போல அடுக்கடுக்காய்க் கேள்விகளைக் கேட்கிறார். யாருக்கு ஐயோ, யாருக்குச் சண்டை, யாருக்குக் காரணமில்லாத காயம் என்று கேட்டுக்கொண்டே வந்து, மதுவினிடத்தில் நெடுநேரம் தங்குகிறவனுக்குத்தான் என்று விடையை உடைக்கிறார். அதன்பின்பு அவர் வரைகிற சித்திரத்தைப் பாருங்கள். நடுக்கடலிலே கப்பலின் பாய்மரத்து உச்சியில் படுத்துத் தூங்குகிறவனைப்போல் ஒருவன்! அடிபட்டேன், ஆனால் எனக்கு நோகவில்லையே என்று அவன் பெருமை பேசுகிறான். இத்தனையும் பட்டபின்பு அவன் கேட்கிற கேள்வி என்ன தெரியுமா? நான் எப்பொழுது விழிப்பேன், மறுபடியும் அதைத் தேடிப்போக வேண்டுமே என்பதுதான்.

சிரிப்பு வருகிறதல்லவா? வரத்தான் வேண்டும். ஆனால் அந்தக் கடைசிக் கேள்வியிலே நம் சிரிப்பு பாதியில் நின்றுபோகிறது. ஞானி சிரிக்கவைத்தே எச்சரிக்கிறார். அந்த வழியிலேயே நாமும் போவோம்.

அறைகளில் நடக்கும் கூத்து

பட்டணத்தில் குடியிருக்கிற நமக்கு இக்காட்சிகள் புதியவையல்ல. எல்லா மாடியும் ஒரே அச்சில் வார்த்த கட்டடம். ஐந்தாம் மாடியில் அறை உள்ள தம்பி நான்காம் மாடியில் நின்று, சாவி நுழையவில்லை என்று பூட்டோடு கால்மணிநேரம் மல்லுக்கட்டுகிறான். உள்ளேயிருந்து ஒரு மராட்டியப் பெரியவர் கதவைத் திறக்கிறார். தம்பி அவரைப் பார்த்து, "அங்கிள், இந்நேரத்தில் என் அறையில் உங்களுக்கு என்ன வேலை?" என்று கேட்கிறான்.

இன்னொருவன் பள்ளியில் ஆங்கிலத்தில் 35 மதிப்பெண் வாங்கித் தட்டுத்தடுமாறித் தேறினவன். மூன்றாவது கோப்பை உள்ளே போனதும் அவனுக்கு அந்நிய பாஷை வந்துவிடுகிறது. ஆட்டோக்காரரிடம் ஆங்கிலத்தில்தான் பேசுவான். வேறொருவன் பத்து மாதமாய்த் திருப்பித் தராத கடனை, "இந்தா மச்சான், இரட்டிப்பாய் வாங்கிக்கொள்" என்று அள்ளிக் கொடுத்துவிட்டு, காலையில் பணப்பையைக் காணோம் என்று காவல்நிலையத்திற்குப் போகப் புறப்படுகிறான். மற்றொருவன் நள்ளிரவில் ஊரிலிருக்கும் அம்மாவுக்குத் தொலைபேசியில் அழைத்து, அழுது, அவர்களையும் அழவைத்துவிட்டு, காலையில் "என்னம்மா, ஏன் இத்தனை தரம் கூப்பிட்டிருக்கிறீர்கள்?" என்று கேட்கிறான்.

இவர்கள் எல்லாருக்கும் பொதுவான ஒரு நம்பிக்கை உண்டு. அதுதான் ஏலக்காய். இரண்டு ஏலக்காயை மென்று, ஒரு பாக்குப் பொட்டலத்தையும் வாயில் கொட்டிக்கொண்டால் யாருக்கும் தெரியாது என்பது அவர்கள் விசுவாசம். பாவம், அந்த வாசனை வாயிலிருந்து மட்டுமா வருகிறது? வயிற்றிலிருந்து இரத்தத்தில் கலந்த மது, இரத்தத்தோடு நுரையீரலுக்குப் போய், ஒவ்வொரு மூச்சிலும் கொஞ்சம் கொஞ்சமாய் வெளியே வருகிறது. போக்குவரத்துக் காவலர் ஊதச்சொல்லுகிற கருவி இந்த உண்மையை வைத்துத்தான் வேலை செய்கிறது. ஆகவே ஏலக்காய் மென்றவனிடத்தில் மதுவின் வாசனையோடு ஏலக்காயின் வாசனையும் சேர்ந்து வருகிறது, அவ்வளவே. அம்மாவின் மூக்கோ அந்தக் கருவியைவிட நுட்பமானது.

ஏன் இப்படி நடக்கிறது?

பிரியமானவர்களே, இந்தக் கூத்துகளுக்கெல்லாம் ஒரு காரணம் உண்டு. நம்முடைய மூளையின் முன்பகுதி வீட்டு வாசற்காவலனைப் போன்றது. எதைச் சொல்லலாம், எதைச் சொல்லலாகாது என்று நிறுத்திப்பார்த்து அனுப்புகிறவன் அவனே. மது உள்ளே வந்தவுடன் முதலாவது தளர்ந்துபோகிறவர்களில் அவனும் ஒருவன். அதனால்தான் வெட்கப்படுகிறவன் பாடுகிறான், கஞ்சன் வள்ளலாகிறான். இன்னும் கொஞ்சம் போனால், நடையையும் சமநிலையையும் காக்கிற சிறுமூளை தளருகிறது. நேரான சாலை வளைகிறது. இன்னும் போனால், நடப்பதை நினைவில் எழுதிவைக்கிற பகுதி எழுதுவதையே நிறுத்திவிடுகிறது. "நான் அப்படிச் சொல்லவே இல்லை" என்று காலையில் அவன் சாதிக்கும்போது பொய் சொல்லுகிறான் என்று எண்ணாதிருங்கள். மறந்துபோனால் யோசித்து நினைவுக்குக் கொண்டுவரலாம். எழுதப்படாத பக்கத்தை எப்படி வாசிப்பது?

அந்தக் காவலன் மனிதருக்கு ஏறக்குறைய 25 வயதுவரையில் வளர்ந்துகொண்டே இருக்கிறான் என்று மருத்துவ அறிஞர் சொல்லுகிறார்கள். பத்தொன்பது வயதுப் பிள்ளையிடத்தில் இருப்பதே பாதி வளர்ந்த காவலன். அவனுக்கும் நாம் மயக்கமருந்து கொடுத்தால் வீட்டின் கதி என்ன?

ஒரு சின்னக் கணக்கு

கணக்குப்பிள்ளைகள் நிறைந்த பத்திரிகை வாசகர்கள் நீங்கள். ஆகையால் ஒரு கணக்கு போடுவோம். நம் நாட்டில் விற்கும் விஸ்கி, பிராந்தி வகைகளில் ஏறக்குறைய 43 சதவீதம் மது இருக்கிறது. 60 மில்லி அளவுள்ள ஒரு பெரிய பெக்கிலே சுமார் 20 கிராம் சுத்த மது உண்டு. நமது கல்லீரலோ மணிக்கு ஏழிலிருந்து பத்து கிராம் வரையில்தான் அதை எரித்துத் தீர்க்கிறது. அப்படியானால் ஒரு பெக் தீர இரண்டு மணிநேரத்திற்கு மேல் ஆகும். இரவு பதினொரு மணிக்குள் நான்கு பெக் குடித்து முடித்தவனுக்கு, மறுநாள் காலை ஏழு மணிக்குக் குளித்து, சட்டை மாற்றி, மோட்டார் சைக்கிளில் ஏறும்போதும் இரத்தத்தில் மது மிச்சமிருக்கக்கூடும்.

"நான் பீர்தான் குடிக்கிறேன், அது மோர் மாதிரி" என்கிறவனுக்கும் கணக்கு உண்டு. எட்டு சதவீதம் மதுவுள்ள 650 மில்லி பீர்ப்புட்டி ஒன்றில் 52 மில்லி மது இருக்கிறது. இரண்டு பெரிய பெக்கிலும் ஏறக்குறைய அவ்வளவேதான். இந்த மோர் எந்த மாட்டின் மோரோ, தெரியவில்லை!

எலுமிச்சைச் சாறு, கெட்டி மோர், கறுப்புக் காப்பி, தலையில் ஒரு வாளி குளிர்ந்த நீர் என்று அறைத்தோழர்கள் செய்கிற வைத்தியம் எதுவும் கல்லீரலை அவசரப்படுத்தாது. காப்பி கொடுத்தால் வெறி தெளியாது. தூங்கிக்கொண்டிருந்த குடியன் விழித்துக்கொண்டிருக்கிற குடியன் ஆவான். அப்படி விழித்தவன், "நான் தெளிந்துவிட்டேன், வண்டியின் சாவியைக் கொடு" என்று கேட்கும்போதுதான் ஆபத்து. மோட்டார் வாகனச் சட்டத்தின் 185-ஆம் பிரிவின்படி 100 மில்லி இரத்தத்தில் 30 மில்லிகிராம் மதுவைத் தாண்டினால் குற்றம். 2019-இல் செய்த திருத்தத்தின்பின் முதல் குற்றத்திற்கே 10,000 ரூபாய் அபராதமோ, ஆறுமாதம்வரை சிறையோ, இரண்டுமோ கிடைக்கலாம். மும்பையிலுள்ள நம் பிள்ளைகளுக்கு இன்னொரு செய்தி. மகாராஷ்டிரத்தில் பீருக்கு 21 வயதும், விஸ்கி முதலான மதுவகைகளுக்கு 25 வயதும் நிரம்பியிருக்க வேண்டும். 1949-ஆம் ஆண்டின் மதுவிலக்குச் சட்டம் இன்னும் ஏட்டில் இருப்பதால், குடிப்பதற்கு அனுமதிச்சீட்டும் வேண்டும். இருபது வயதில் அறையில் கூத்தடிக்கிற தம்பி, தான் சட்டத்தை மீறியே சிரித்துக்கொண்டிருக்கிறான் என்பதை அறிந்திருக்கிறானா?

பரிகாசத்திற்குப் பேதுருவின் பதில்

சரி, குடிக்காத பிள்ளையின் கதை என்ன? அவனுக்கும் சிரிப்புதான் காத்திருக்கிறது. அலுவலக விருந்தில் பழச்சாற்றை எடுத்தால், "சாமியார் வந்துவிட்டார்" என்கிறார்கள். "ஊரே குடிக்கிறது, நீ மட்டும் என்ன பெரிய பரிசுத்தவானா?" என்று கேட்கிறார்கள். இந்தப் பரிகாசத்திற்குப் பயந்தே முதல் மிடறு குடித்தவர்கள் அநேகர்.

பெந்தெகொஸ்தே என்ற பெயரைத் தரித்திருக்கிற நாம், அந்த முதல் பெந்தெகொஸ்தே நாளில் நடந்ததைச் சற்று நினைக்க வேண்டும். நம்முடைய முன்னோடிகள்மேல் முதலாவது விழுந்த பழி என்ன? இவர்கள் குடித்து வெறித்திருக்கிறார்கள் என்பதே! அப்போஸ்தலர் 2-ஆம் அதிகாரத்தில் பேதுரு எழுந்து நின்று அதற்குப் பதில் சொல்லுகிறார். அவர் கோபப்படவில்லை, பரிகாசக்காரரைச் சபிக்கவில்லை. இப்பொழுது காலை ஒன்பது மணிதானே ஆகிறது, இந்நேரத்தில் யார் வெறித்திருப்பார்கள் என்கிற பொருளில் இலேசாய்ச் சொல்லிவிட்டு, தாம் சொல்லவேண்டிய பெரிய செய்திக்குக் கடந்துபோகிறார். வாசிக்கும்போதெல்லாம் அந்த இடத்தில் எனக்குப் புன்னகை வருகிறது. கேட்ட கூட்டத்திலும் சிலர் புன்னகைத்திருப்பார்கள் என்றே நினைக்கிறேன்.

தம்பி, தங்கையே, உன் பதிலும் அப்படியே இலேசாயிருக்கட்டும். விருந்து மேசையில் நரகத்தைக்குறித்து நீண்ட பிரசங்கம் வேண்டாம். "எனக்கு வேண்டாம் அண்ணே, உங்களையெல்லாம் வீட்டில் கொண்டுபோய் விட ஓர் ஆள் வேண்டுமல்லவா?" என்று சிரித்துக்கொண்டே சொல். பன்னிரண்டு மணிக்கு அவர்களே உன்னைத் தேடுவார்கள். ஊரே குடிக்கிறது என்பதும் உண்மையல்ல. 2019 முதல் 2021 வரை எடுத்த ஐந்தாம் தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி, நம் நாட்டில் 15 வயதுக்கு மேற்பட்ட ஆண்களில் நூற்றுக்கு 19 பேரும், பெண்களில் நூற்றுக்கு ஒருவருமே குடிக்கிறவர்கள். அப்படியானால் எண்பதுக்கும் அதிகமான ஆண்கள் உன் பக்கம் இருக்கிறார்கள். எலியா நான் ஒருவன்மாத்திரம் மீதியாயிருக்கிறேன் என்று எண்ணியபோது, மீதியாயிருந்தவர்களோ ஏழாயிரம் பேர்.

சிரித்தவனும் மூடினவர்களும்

இப்பொழுது சிரிப்பு நிற்கவேண்டிய இடத்திற்கு வருகிறோம். ஆதியாகமம் 9-ஆம் அதிகாரத்தில் நோவா திராட்சத்தோட்டம் போட்டு, வெறித்து, கூடாரத்திற்குள் வஸ்திரம் விலகிக் கிடந்தார். காம் அதைக் கண்டான். வெளியே போய் மற்றவர்களுக்குச் சொன்னான். சேமும் யாப்பேத்தும் ஒரு வஸ்திரத்தைத் தோளில் போட்டுக்கொண்டு, பின்னிட்டு நடந்துபோய், பாராமலே தகப்பனை மூடினார்கள். அன்றைக்குக் காமின் கையில் கைப்பேசி இல்லை. இன்றைக்கு இருக்கிறது. அறையில் ஒருவன் மயங்கிக் கிடந்தால், அவன் முகத்தில் மீசை வரைந்து, படம்பிடித்து, ஐந்து குழுக்களுக்கு அனுப்பிவிடுகிறார்கள். அந்தப் படம் அவன் வேலைக்கும் திருமணத்திற்கும் முன்பாக ஓடிப்போய் நிற்கிறது.

இது மானத்தின் காரியம் மட்டுமல்ல, உயிரின் காரியமும் ஆகும். கவனமாய்க் கேளுங்கள். கடைசிக் கோப்பையை வைத்தபின்பும், வயிற்றில் உள்ள மது இரத்தத்தில் ஏறிக்கொண்டேயிருக்கிறது. ஆகையால் படுக்கப்போகும்போது பேசிக்கொண்டிருந்தவன் அரைமணிநேரத்தில் ஆபத்தான நிலைக்குப் போகலாம். அறைத்தோழர்கள், "குறட்டை விடுகிறான், தூங்கட்டும்" என்று சிரித்துக்கொண்டே விளக்கை அணைக்கிறார்கள். மல்லாந்து கிடப்பவன் வாந்தியெடுத்தால், அது மூச்சுக்குழலில் போய் அடைத்துவிடும். இருமித் தள்ளுகிற உணர்வும் அவனுக்குத் தூங்கிப்போயிருக்கும். காலையில் எழுப்பப்போனவர்கள் எழுப்ப முடியாமல் நின்ற அறைகள் உண்டு.

ஆகவே நண்பன் ஒருவன் அதிகமாய்க் குடித்துவிட்டு மயங்கினால் அவனைத் தனியே விடாதிருங்கள். ஒருக்களித்துப் படுக்கவையுங்கள். கூப்பிட்டும் கிள்ளியும் விழிக்காவிட்டால், மூச்சு நிமிடத்திற்கு எட்டுக்கும் குறைந்தால், ஒரு மூச்சுக்கும் அடுத்ததற்கும் பத்து விநாடிக்குமேல் இடைவெளி விழுந்தால், உதடும் நகமும் நீலம்பாய்ந்தால், உடல் சில்லிட்டால், மயக்கத்திலேயே வாந்தியெடுத்தால், வலிப்பு வந்தால், இவற்றில் ஒன்று கண்டாலும் போதும். 112 என்ற எண்ணை உடனே அழையுங்கள். வீட்டுக்காரர் என்ன சொல்வார், ஊருக்குத் தெரிந்துவிடுமே, சபையில் என்ன நினைப்பார்கள் என்று எண்ணித் தாமதிக்க வேண்டாம். குடிக்காத நீ அந்த அறையில் இருப்பாயானால், அந்த இரவில் நீயே சேம், நீயே யாப்பேத்து.

பெற்றோருக்கும் சபைக்கும்

பெற்றோரே, உங்களுக்கு அபிகாயிலின் ஞானத்தைச் சொல்லுகிறேன். நாபால் ராஜவிருந்து செய்து வெறித்திருந்த இரவிலே, அபிகாயில் சிறிய காரியமானாலும் பெரிய காரியமானாலும் அவனிடம் பேசவில்லை. வெறி தெளிந்த காலையில்தான் பேசினாள் என்று 1 சாமுவேல் 25-ஆம் அதிகாரம் சொல்லுகிறது. உங்கள் மகன் தள்ளாடி வந்த இரவில் நீங்கள் செய்கிற பிரசங்கம் எழுதப்படாத பக்கத்தில் எழுதுகிற எழுத்து. சாப்பாடு கொடுத்து, சாவியை வாங்கிவைத்து, ஒருக்களித்துப் படுக்கவைத்து, பக்கத்தில் காவலிருங்கள். காலையில் பேசுங்கள். அழாமலும் அடிக்காமலும், இரவில் நடந்ததை நடந்தபடியே சொல்லுங்கள். அந்தக் காலைநேரத்துச் சாந்தமான பேச்சுக்கு இருக்கிற பெலன் நடுராத்திரிக் கூக்குரலுக்கு இல்லை.

சபையாருக்கும் ஒரு வார்த்தை. அநேக வருஷமாய் நாள்தோறும் குடித்தவர், ஒரு கூட்டத்தில் தொடப்பட்டு, அன்றோடு விட்டுவிட்டேன் என்று சாட்சி சொல்லும்போது நாம் ஸ்தோத்திரம் சொல்லுகிறோம், சொல்லவும் வேண்டும். ஆனால் அதற்கு இரண்டொரு நாளைக்குப்பின் அவருடைய கை நடுங்கி, வியர்த்து, தூக்கமற்று, சுவரில் பூச்சி ஊருகிறது என்று அலறினாரானால், பிசாசு எதிர்க்கிறது என்று மாத்திரம் சொல்லிச் சுற்றிநின்று ஜெபித்துக்கொண்டிருக்கலாகாது. பழகிய மது சட்டென நின்றதால் உடலும் மூளையும் கொள்ளுகிற கலக்கம் அது. வலிப்பு வரலாம், உயிரும் போகலாம். ஜெபியுங்கள், ஜெபித்துக்கொண்டே மருத்துவமனைக்குக் கொண்டுபோங்கள். நீண்டகாலம் குடித்தவர் மருத்துவரின் மேற்பார்வையில் விடுவதே நல்லது. பவுலின் ஊழியக் குழுவில் லூக்கா என்னும் வைத்தியர் இருந்தார் என்பதை மறவாதிருப்போம். பெங்களூரிலுள்ளவர்களுக்கு நிம்ஹான்ஸ் மருத்துவமனையில் இதற்கென்றே தனிப்பிரிவு உண்டு. மற்ற இடங்களிலுள்ளவர்கள் 14446 என்ற போதைமீட்பு உதவி எண்ணிலோ, மனநல ஆலோசனைக்கான 14416 என்ற எண்ணிலோ கேட்கலாம்.

பிரியமானவர்களே, சிரிப்பைத் தேவன் நமக்குத் தந்திருக்கிறார். புட்டியைப் பார்த்துச் சிரியுங்கள். அதன் பொய்யான வாக்குத்தத்தங்களைப் பார்த்துச் சிரியுங்கள். ஏலக்காயைப் பார்த்தும் தாராளமாய்ச் சிரியுங்கள். விழுந்து கிடக்கிறவனை மாத்திரம் மூடுங்கள். இந்த மாதத்தில் உங்கள் சபைக்கு வருகிற வாலிபர் எந்த அறையில், யாரோடு தங்கியிருக்கிறார்கள் என்று ஒருமுறை போய்ப் பாருங்கள். சனிக்கிழமை மாலையாயிருந்தால் இன்னும் நல்லது. கையில் சுடச்சுடப் பிரியாணி கொண்டுபோங்கள். திருமறைப்பகுதியை அப்புறம் எடுக்கலாம். சிரிப்பு நிறைந்த ஒரு சாப்பாட்டு மேசை நம் வீடுகளில் அவர்களுக்கு இருக்குமானால், வேறு மேசையை அவர்கள் தேடிப்போகிற அவசியம் குறையும்.

கர்த்தர் நம் பிள்ளைகளின் போக்கையும் வரத்தையும் காப்பாராக. கர்த்தருக்குச் சித்தமானால் அடுத்த மாதம் சந்திப்போம். ஆமென்.